செரோத்தா வீட்டுப் பேரு

கப்பலெல்லாம் பாய் விரிச்சு வந்த காலம் அது. அந்தக் காலத்துல, தூத்துக்குடிக்குத் தெக்கே, வேம்படித்துறைன்னு ஒரு ஊரு. ஊருன்னா என்ன, ஒரு கோயிலு, அறுபது குடிசை, கரையில ஏத்தி வச்ச வள்ளம் முப்பது. அவ்வளவுதான். நான் சொல்லப்போறது எங்க அப்பாகிட்ட கேட்டது. அவிய அவிய அப்பாகிட்ட கேட்டாவ. கூட்டிச் சொன்னா கரிக்கும், கொறைச்சுச் சொன்னா சப்புன்னு இருக்கும். அதனால கேட்டபடியே சொல்லுதேன், கேட்டுக்கிடுங்க.

அந்த ஊருல எல்லாருக்கும் ஒரு வீட்டுப் பேரு உண்டு. பர்னாந்து, மோத்தா, ரொட்ரிகோ, கொரேரா, மிராந்தா, வாஸ். இந்தப் பேரெல்லாம் எங்கிருந்து வந்துச்சு? போர்த்துக்கீசுக்காரன் வந்த காலத்துல நம்ம ஆளுக ஞானஸ்நானம் வாங்கினாவல்லா, அன்னைக்கு எந்த வெள்ளைக்காரன் ஞானத்தகப்பனா நின்னானோ அவன் பேரு பிள்ளைக்கு ஏறிடுச்சுன்னு சொல்லுவாவ. ரத்தத்துல வந்த பேரு ஒண்ணுகூட இல்ல. எல்லாம் தண்ணியில வந்த பேரு. ஆனா வந்த பிறகு அதுக்கு வந்த கெப்பர் இருக்கே! கொரேரா வீட்டுப் பொண்ணு மிராந்தா வீட்டு வாசல்ல செருப்பைக் கழட்ட மாட்டா. அப்படி ஒரு பெருமை.

அந்த ஊருக்கு ஒரு நாளு ஒரு வெள்ளைக்காரன் வந்தான். தானா வரல, தூக்கிட்டு வந்தாவ. தூத்துக்குடியில பஞ்சு ஏத்த வந்த கப்பல்ல அவன் மாலுமியாம். காய்ச்சல் கண்டு, கண்ணு ரெண்டும் மஞ்சளாகி, இவன் பிழைக்கவா போறான்னு கப்பல்காரன் கரையில இறக்கிவிட்டுட்டுப் பாயைத் தூக்கிட்டுப் போயிட்டான். பஞ்சு ஏத்தப் போன நம்ம ஊருத் தோணிக்காரவளுக்கு மனசு கேக்கல. தோணியில போட்டு எடுத்துட்டு வந்துட்டாவ. கீழாநெல்லியை அரைச்சு மோருல கலக்கிக் குடுத்தாவ. ஒரு மாசத்துல எந்திரிச்சு உக்காந்தான். ரெண்டு மாசத்துல நடந்தான். மூணாம் மாசம் பார்த்தா வள்ளத்துக்கு அடியில படுத்துக்கிட்டு, பலகைக்கும் பலகைக்கும் நடுவுல பஞ்சு அடைச்சுட்டு இருக்கான். கலப்பத்து வேலை நம்ம ஆளுகளைவிட நறுவிசா செஞ்சானாம். சரி, இருந்துட்டுப் போகட்டும்னு விட்டுட்டாவ.

நான் இப்ப அவன் இவன்னு சொல்லுதேன். கோவிச்சுக்கிடாதீங்க. ஊரும் அப்ப அப்படித்தான் சொல்லுச்சு. எப்ப மாத்தணுமோ அப்ப மாத்திக்கிடுவேன்.

ஊருக்கு அவன்மேல ஒரே யோசனை. எந்த ஊருக்காரன்? கேட்டா, 'போலந்து'ங்கான். உபதேசியாரு படிச்சவரு, ஜெபம் சொல்லிக் குடுக்கிறவரு. கோயில் பள்ளிக்கூடத்துல தொங்குன உலகப் படத்தை விரிச்சு, விரலை வச்சுத் தேடு தேடுன்னு தேடினாரு. அப்படி ஒரு நாடே இல்ல. திரும்பப் போய்க் கேட்டா அவன் சிரிக்கான். மூணு விரலைக் காட்டுதான். "மூணு ராசா. பங்கு. நாடு போச்சு"ன்னான். மூணு ராசாமாரு சேர்ந்து அவன் நாட்டைக் கூறு போட்டு எடுத்துக்கிட்டாவளாம். பிடிச்ச மீனைப் பங்கு போடுறது தெரியும், நாட்டையுமா பங்கு போடுவான்னு ஊரு வாயைப் பிளந்துச்சாம்.

அடுத்தாப்புல பேரு. பேரு என்னன்னா, 'சீமோன் செரோத்தா'ங்கான். சீமோன் நமக்குத் தெரியும், இராயப்பருக்கு, அதான் பேதுருவுக்கு, முன்னாடி இருந்த பேரு. செரோத்தான்னா? அதுக்கு மட்டும் பதில் இல்ல. கேட்டா குனிஞ்சு சுத்தியலைத் தேடுவான். இல்லைன்னா இருமுவான். சொல்லாத விசயத்துக்குத்தானே ருசி அதிகம். ஆளுக்கு ஒண்ணு சொன்னாவ. அது ராசா வீட்டுப் பட்டப்பேருன்னாரு ஒருத்தரு. இல்ல, பெரிய கப்பல் முதலாளி வம்சம், சொத்தைப் பிடுங்கிட்டாவ, அதான் சொல்ல வெக்கப்படுதான்னாரு இன்னொருத்தரு. கொலைக்குத்தம் செஞ்சுட்டு ஓடி வந்தவன்னு ரெண்டு பேரு. எங்க ஊருல யாருக்கும் தெரியாதுன்னு சொல்லத் தெரியாது. அது ஒரு வியாதி.

இப்படிப் பேசிட்டு இருந்த நேரத்துலதான் பவுலீனாளுக்குப் பெண்பிள்ளை பிறந்துச்சு.

பவுலீனாள் யாரு? வாஸ் வீட்டுப் பொண்ணு. அப்பன் கடல்ல போயிட்டாரு, ஆத்தாளும் இல்ல. வலை பின்னிப் பிழைக்கிறவ. கொரேரா வீட்டுச் சந்தியாகுன்னு ஒருத்தன், கட்டுனா உன்னைத்தான் கட்டுவேன்னு சொன்னான். கொழும்புக்குப் போய்ச் சம்பாதிச்சுட்டு ஈஸ்டருக்கு வந்துருவேன்னான். ஈஸ்டரு வந்துச்சு, அவன் வரல. வயிறுதான் வந்துச்சு.

பவுலீனாள் பிள்ளையைத் துணியில சுத்தி எடுத்துக்கிட்டுச் சந்தியாகு ஆத்தா கபிரியேலாள் வீட்டுக்குப் போனாளாம்.

"மாமி, இது உங்க மகன் பிள்ள. பேரு மட்டும் குடுங்க. வேற ஒண்ணும் வேண்டாம்"னா.

கபிரியேலாள் பிள்ளையைத் திரும்பிக்கூடப் பாக்கல. பார்த்தா மனசு இளகிரும்னு பயமோ என்னமோ. "எம் மகன் வந்து சொல்லட்டும். அதுவரைக்கும் கொரேரா பேரு கண்ட பிள்ளைக்கும் கிடையாது"ன்னு கதவைச் சாத்திட்டா.

இதுல என்ன பெரிய விசயம், பேருதானேன்னு நினைப்பீங்க. அப்படி இல்ல. வீட்டுப் பேரு உள்ளவனுக்குத்தான் ஊருல இடம். கோயில் புஸ்தகத்துல பேரு இருந்தாத்தான் பொண்ணு குடுப்பான், பொண்ணு எடுப்பான். தாய் வீட்டுப் பேரு பிள்ளைக்கு ஏறாதுன்னு கட்டுப்பாடு வேற. அப்ப பட்டங்கட்டிதான் ஊருக்குத் தலைவரு. அவரு கூட்டம் போட்டுச் சொல்லிட்டாரு: "மூணு மாசத்துக்கு ஒரு தடவை ஞானஸ்நானம் குடுக்கச் சாமியாரு வாராரு. அடுத்த தடவை வரும்போது, எவனாவது ஞானத்தகப்பனா நின்னு தன் வீட்டுப் பேரைக் குடுத்தா பிள்ளை ஊருல இருக்கும். இல்லைன்னா சாமியாரு கையிலேயே குடுத்து டவுன்ல உள்ள அநாதைப் பிள்ளைக மடத்துக்கு அனுப்பிருவோம்."

பவுலீனாளுக்குக் கேட்டதும் பால் கட்டிப்போச்சாம். இன்னும் பத்து நாளு.

பத்து நாளும் வீடு வீடா ஏறி இறங்கினா. பர்னாந்து வீட்டுல, "என் பொஞ்சாதி சம்மதிக்க மாட்டா பிள்ள." மோத்தா வீட்டுல, "அவிய கடலுக்குப் போயிருக்காவ." அவிய கட்டிலுக்குப் பின்னால நிக்காவ, காலு தெரியுது. ரொட்ரிகோ வீட்டுல, "எங்களுக்குக் கல்யாண வயசுல பொண்ணு இருக்கே." மிராந்தா வீட்டுல சோறு போட்டாவ, நல்லாப் பேசினாவ, பேரை மட்டும் குடுக்கல. எங்க ரொட்ரிகோ வீட்டை நான் ஏன் விடாம சொல்லுதேன்னா, குடுக்காதவன் லிஸ்ட்டுல எங்க பூட்டனும் உண்டு. மறைச்சு என்ன ஆகப்போகுது?

சாமியாரு நாளைக்கு வாராருன்னா, இன்னைக்குச் சாயங்காலம் பவுலீனாள் கடற்கரையில வந்து உக்காந்தா. எதிர்த்தாப்புல வள்ளத்துக்கு அடியில டொக்கு டொக்குன்னு சத்தம். அவளுக்கு அப்பத்தான் உறைச்சுச்சாம். எல்லார் வீட்டு வாசலையும் மிதிச்சாச்சு, இந்த வெள்ளைக்காரனைக் கேக்கவே இல்லையே. இவனுக்கும் வீட்டுப் பேரு உண்டே!

எந்திரிச்சுப் போனா. "ஓய், நாளைக்கு என் பிள்ளைக்கு ஞானத்தகப்பனா நிப்பீரா? உம்ம பேரைக் குடுப்பீரா?"

சுத்தியல் நின்னுபோச்சு. அவன் வெளியில வந்தான். பிள்ளையைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். தலையை ஆட்டினான். "வேண்டாம். என் பேரு வேண்டாம். கெட்ட பேரு."

"பேரு கெட்டதா, உமக்கு மனசில்லையா? மனசில்லைன்னா நேராச் சொல்லும். நான் பத்து நாளா கேட்டுப் பழகிட்டேன்."

"மனசு உண்டு," அப்படின்னான். "பேரு... கெட்டது. பிள்ளை நல்லது."

பவுலீனாளுக்குக் கோவம் வந்துச்சாம். "கெட்ட பேரா? இந்த ஊரு எனக்கு ஆறு மாசமா வச்சிருக்க பேரைக் கேட்டிருக்கீரா? அதைவிடக் கெட்ட பேரு உம்ம நாட்டுல இருக்கா?"

அவன் ரெண்டு கையையும் வேட்டியில துடைச்சுட்டு, "நாளைக்கு வாரேன்"னான்.

இந்த இடத்துல எல்லாரும் கேப்பாவ, நீங்களும் கேப்பீங்க: ஏன், அவளையே கட்டிக்கிட்டா பேரு தானா வந்துருமே? நல்ல கேள்வி. அவ மனசுல இன்னும் சந்தியாகுதான் இருந்தான், படுபாவி. அது சீமோனுக்குத் தெரியும். வள்ளத்துக்கு அடியில படுத்துக்கிட்டு, வலை பின்னுறவளை எட்டு மாசமா பார்த்தவன் அவன். ஒரு பிள்ளைக்கு ஞானத்தகப்பனா நின்னவன் அந்தப் பிள்ளையோட ஆத்தாளைக் கட்டக் கூடாது, அது அந்தக் காலத்துக் கோயில் சட்டம். அதுவும் அவனுக்குத் தெரியும். நின்னா அவளை எந்தக் காலத்துலயும் கட்ட முடியாது. தெரிஞ்சுதான் வாரேன்னான்.

மறுநாள் காலையில கோயில் நிறைஞ்சிடுச்சு. ஜெபத்துக்கு வராதவனெல்லாம் வந்திருந்தான். சாமியாரு பிரான்சு தேசத்துக்காரரு, வயசானவரு, தமிழ் நல்லாப் பேசுவாரு. ஞானஸ்நானத் தொட்டி பக்கத்துல நின்னு புஸ்தகத்தை விரிச்சாரு.

"ஞானத்தகப்பன் யாரு?"

சீமோன் முன்னாடி வந்தான். கூட்டத்துல ஒரு சலசலப்பு. சாமியாரு பேனாவை எடுத்து எழுதப் போனாரு. அப்ப பட்டங்கட்டி, "பொறுங்க சாமி"ன்னு எழுந்தாரு. "இவன் எந்த வம்சம், இந்தப் பேருக்கு என்ன அர்த்தம்னு தெரியாம நம்ம புஸ்தகத்துல ஏத்தக் கூடாது. எட்டு மாசமா கேக்குதோம், வாயைத் திறக்க மாட்டேங்கான். இன்னைக்குக் கோயிலுக்குள்ள வச்சுச் சொல்லட்டும்."

ஊரு எட்டி எட்டிப் பாக்குது. ராசாவா, முதலாளியா, கொலைகாரனா?

சீமோன் சொன்னான். அரைகுறைத் தமிழு. ஒவ்வொரு வார்த்தையா பொறுக்கி வச்சான்.

"என் ஊரு. குளிரு. பனி. வெள்ளை. முழங்கால் வரைக்கும்."

"பனிமய மாதா பனியா?"ன்னு ஒரு கிழவி கேட்டாளாம். நம்மளுக்கு மாதா தெரியும், பனி தெரியாதே. சாமியாரு, "ஆமா, அந்தப் பனிதான்"னாரு.

"பனியில, கோயில் வாசல். ஒரு கூடை. கூடையில நான். சின்னப் பிள்ளை. அப்பா இல்ல. அம்மா இல்ல. பேரு இல்ல. அந்தக் கோயில் சாமியாரு புஸ்தகத்துல எழுதணும். என்ன எழுத? செரோத்தா எழுதிட்டாரு. செரோத்தான்னா அநாதை."

எங்கேயோ ஒருத்தன் க்ளுக்குன்னு சிரிச்சான். அவனைப் பார்த்து இன்னொருத்தன். கோயிலே சிரிச்சுச்சாம். ராசாப் பட்டம்னு சொன்னவரு மட்டும் சிரிக்கல.

பட்டங்கட்டி கையைத் தட்டினாரு. "நல்லாருக்கு! பிள்ளையை அநாதை மடத்துக்கு அனுப்பக் கூடாதுன்னு, அநாதைன்னே பேரு வைக்கப் போறீங்களா? பேரே சொல்லிடுச்சு, போக வேண்டிய இடம் எதுன்னு. சாமி, பிள்ளையை வாங்கிக்கிடுங்க."

பவுலீனாள் பிள்ளையை நெஞ்சோட இறுக்கினா. அது வரைக்கும் குனிஞ்சே நின்னவ நிமிர்ந்து கேட்டா.

"பட்டங்கட்டியாரே, அநாதைன்னா யாரு?"

"ஒருத்தரும் இல்லாதவன்."

"சரி. இவரு ஒத்தையா இருந்த வரைக்கும் இவரு அநாதை. இப்ப இவரு பேரு என் பிள்ளைக்கு வந்தா, அந்தப் பேருல ரெண்டு பேரு. ரெண்டு பேரு சேர்ந்து எப்படி அநாதையா இருப்பாவ? சொல்லும். ஒரே பேருல ரெண்டு பேரு இருந்தா அதுக்கு நம்ம ஊருல என்ன சொல்லுவோம்?"

உபதேசியாருதான் மெதுவாச் சொன்னாராம், "வீடுன்னு சொல்லுவோம்."

சாமியாரு யாரையும் பாக்கல. பேனாவை மையில முக்கி எழுதிட்டாரு. ரொசாலி செரோத்தா. தண்ணியை ஊத்தினப்ப பிள்ளை வீல்னு கத்துச்சு. சீமோனும் அழுதாரு. பார்த்தீங்களா, அவருன்னு மாத்திட்டேன்.

அதுக்குப் பொறவு அவரு கப்பல் ஏறவே இல்ல. எத்தனையோ கப்பல் வந்துச்சு, கூப்பிட்டுச்சு. "எனக்கு இங்க வீடு இருக்கு"ன்னுட்டாராம். வீடுன்னா என்ன வீடு, கடற்கரையில ஒரு ஓலைக் கொட்டகை. பவுலீனாள் அவ குடிசையில, அவரு கொட்டகையில. ரொசாலி ரெண்டுக்கும் நடுவுல ஓடி ஓடி வளர்ந்தா. சந்தியாகு வரவே இல்ல. கொழும்புல வேற கல்யாணம் கட்டிட்டான்னு சேதி மட்டும் வந்துச்சு. கபிரியேலாள் கோயிலுக்குப் போகும்போதும் வரும்போதும் ரொசாலியைப் பார்ப்பா, தலையைத் திருப்பிக்கிடுவா. அந்தப் பிள்ளைக்குச் சந்தியாகு மூக்கு. ஊருக்கே தெரியும், யாரும் சொல்ல மாட்டாவ.

ரொசாலிக்குப் பத்து வயசு இருக்கும்போது காலராவுல ஒரு வழிப்போக்கி ஊரு எல்லையில செத்துப்போனா. கையில ஆண்பிள்ளை. யாரு பேரைக் குடுக்க? சீமோன் யாரும் கூப்பிடுததுக்கு முன்னாடியே தொட்டி பக்கத்துல போய் நின்னுட்டாரு. அடுத்தாப்புல ரெட்டைப் பிள்ளை, அது வேற கதை. அதுக்கு ரொசாலியே ஞானத்தாயா நின்னா, பேரைக் குடுத்தா. இப்படிச் செரோத்தா அஞ்சு பேரு ஆயிட்டாவ. ஒருத்தருக்கு ஒருத்தரு ஒரு துளி ரத்தம் சொந்தம் இல்ல.

ரொசாலிக்கு இருபத்திரெண்டு வயசு நடக்கும்போது சீமோன் செத்துப்போனாரு. காலையில கலப்பத்துக்குப் போனவரு, வள்ளத்துக்கு அடியிலேயே, சுத்தியலைப் பிடிச்ச கையோட.

கல்லறையில நம்ம வழக்கம் உங்களுக்குத் தெரியும். மண் போடுறதுக்கு ரெண்டு வரிசை. முதல்ல சொந்தக்காரவ. அவிய போட்டு முடிச்ச பொறவுதான் ஊரு. பெரிய வீட்டுச் சாவுன்னா சொந்தக்கார வரிசை கோயில் வாசல் வரைக்கும் நீளும். அதை எண்ணிப் பார்த்துத்தான் செத்தவன் பவுசை ஊரு பேசும். அன்னைக்குப் புதுச் சாமியாரு ஒருத்தரு. "சொந்தக்காரவ முன்னாடி வாங்க"ன்னாரு. ரொசாலி வந்தா, காலராப் பையன் வந்தான், ரெட்டைப் பிள்ளைக வந்துச்சு. ஞான உறவுன்னு பவுலீனாள் வந்தா. அவ்வளவுதான். அஞ்சு பேரு. அந்தாண்ட ஊரு முழுக்க நிக்குது.

பவுலீனாளுக்குத் தாங்கல. ரெண்டு பேரு இருந்தா வீடுன்னு சொன்னோமே, கடைசியில இந்த மனுசனை அநாதை மாதிரிதானே அனுப்புதோம்னு அவளுக்கு நெஞ்சு வெந்துச்சு. ஒரு பிடி மண்ணை எடுத்தவ, போட முடியாம நின்னுட்டா.

அப்ப ஊரு வரிசையில இருந்து ஒரு கிழவி கம்பை ஊன்றிக்கிட்டு வந்தா. கபிரியேலாள்.

"அம்மா, அது சொந்தக்காரவ வரிசை"ன்னாரு பட்டங்கட்டி. அவருக்கும் அப்பப் பல்லெல்லாம் போயாச்சு, அதிகாரம் போகல.

"கண்ணு தெரியாமலா வாரேன்?"னா கபிரியேலாள். "எம் பேத்தி அங்க நிக்கா. எம் பேத்தியை வளர்த்து விட்ட மனுசன் குழிக்குள்ள கிடக்காரு. நான் வேற எந்த வரிசையில போய் நிக்க?"

இருபத்திரெண்டு வருசமா அந்தக் கிழவி வாயில வராத வார்த்தை. ரொசாலி கையை நீட்டினா. கிழவி பிடிச்சுக்கிட்டா.

அப்புறம் என்ன நடந்துச்சுன்னு கேளுங்க. கபிரியேலாள் தங்கச்சி ஊரு வரிசையை விட்டு நகர்ந்தா. "அக்காளுக்குச் சொந்தம்னா எனக்கும்தானே." அவ வந்தா. அவ புருசன் மோத்தா. "என் பொஞ்சாதி நிக்கிற இடத்துல நான் நிக்காம?" அவரும் வந்தாரு. மோத்தாவுக்கு மச்சான் மிராந்தா, மிராந்தாவுக்குச் சம்பந்தி ரொட்ரிகோ, எங்க பூட்டன்தான், வெக்கத்தோட வந்தாராம். சின்ன ஊருல்லா? எல்லாவனும் எல்லாவனுக்கும் எங்கிட்டோ சுத்திச் சொந்தம்தான். அந்தாண்ட வரிசை கரையுது, இந்தாண்ட வரிசை நீளுது. கல்லறை வாசலைத் தாண்டி, வேப்பமரத்தைத் தாண்டி, கடற்கரை வரைக்கும் போயிருச்சு.

கடைசியில ஊரு வரிசையில நின்னது ஒரே ஒரு ஆளு. பட்டங்கட்டி. அவரு பொஞ்சாதியே எதிர் வரிசையில இருந்து அவரைப் பார்த்துக் கேட்டாளாம்: "ஏன் அங்க ஒத்தையில நிக்கீரு, அநாதை மாதிரி?"

அவரு தலைப்பாகையைக் கழட்டிக் கக்கத்துல வச்சுக்கிட்டு, வந்து கடைசியில நின்னாரு. பவுலீனாள் அப்புறம்தான் கையில இருந்த மண்ணைப் போட்டா.

இப்ப வேம்படித்துறையில செரோத்தா வீடு நாப்பத்தி மூணு இருக்கு. செரோத்தாவும் செரோத்தாவும் கல்யாணம் கட்டிக்கிடுவாவ, பங்காளின்னு யாரும் தடுக்க மாட்டாவ, ஏன்னு இப்ப தெரியும். எந்த ஞானஸ்நானம் நடந்தாலும் அந்த வீட்டுல ஒருத்தரு யாரும் கூப்பிடாமலே தொட்டி பக்கத்துல வந்து நிப்பாவ, தேவைப்பட்டா இருக்கட்டும்னு. பேருக்கு அர்த்தம் கேட்டா ஒளிக்காம சொல்லுவாவ, சிரிச்சுக்கிட்டே சொல்லுவாவ. எங்க கடற்கரையில மத்த ஊருலயெல்லாம் மண் போட இன்னும் ரெண்டு வரிசைதான். வேம்படித்துறையில மட்டும் ஒண்ணு. வெளியூருச் சாமியாரு யாராவது தெரியாம, "சொந்தக்காரவ முன்னாடி வாங்க"ன்னு சொல்லிட்டா, ஊரே முன்னாடி வரும்.